முப்பத்தொன்பதாவது அடி

கள்ளக்குறிச்சியில் இருந்து வெள்ளிமலைச் சந்தைக்குப் போகிற சரக்கு வேனில் முன் சீட்டுக்கு எப்போதும் போட்டி. தக்காளிக்காரர் ஏறுவார், வளையல் விற்கிற அம்மா ஏறும், நான்கூட இடுப்பு நோகிறது என்று பொய் சொல்லி ஏறியிருக்கிறேன். பாய் மட்டும் ஒரு நாளும் முன்னால் உட்கார்ந்ததில்லை. பின்னால், கம்பளி மூட்டையின் மேல், வண்டி போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். நாங்கள் எல்லாம் வருகிற ரோட்டைப் பார்ப்போம், அவர் போன ரோட்டைப் பார்ப்பார். அது ஏதோ தலைசுற்றலுக்கு வைத்தியம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய் அசைவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி உட்காருகிறார் என்பது பின்னாடிதான் தெரிந்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. முப்பது வருஷம் பாய் என்றே கூப்பிட்டுவிட்டு இப்போது பெயரைச் சொன்னால் வேறு யாரையோ சொல்கிற மாதிரி இருக்கிறது. அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் கருவாடும் உப்பும் விற்றேன், அதனால் கருவாட்டுக்காரர். கோபம் வந்தால் வெறும் கருவாடு.

பாய்க்குத் திக்குவாய். லேசாக இல்லை, நல்ல திக்கு. கம்பளிக்காரருக்குக் கம்பளி என்ற சொல்லே வராது. முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு எழும்பும், கண் மேலே போகும். எதிரில் நிற்கிறவர்கள் ஒன்று சிரிப்பார்கள், இல்லாவிட்டால் அவர் சொல்ல வந்ததைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். இரண்டில் எது மோசம் என்று ஒரு தரம் கேட்டேன். முடித்துக் கொடுக்கிறதுதான் என்றார். அவர் திக்கினதை எல்லாம் நான் இங்கே திக்கித் திக்கிச் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால் அது அவர் பேச்சாக இருக்காது, நான் செய்கிற கேலியாக இருக்கும். அவர் சொன்னது எல்லாம் நேரம் எடுத்து வந்தது என்று மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

சந்தையில் எங்கள் இரண்டு பேர் இடமும் பக்கத்தில் பக்கத்தில். கம்பளிக்கும் கருவாட்டுக்கும் ஆகாது, வாடை ஏறிவிடும். முதல் வாரமே சண்டை வரும் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றேன். அவரோ, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று துண்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார், மூட்டையை எடுத்து காற்று வருகிற பக்கத்தில் கொண்டு போய் வைத்தார். அவ்வளவுதான். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பேசாமல் வியாபாரம் செய்ய ஒரு வழி வைத்திருந்தார். மலைக்காரர் ஒருவர் தயங்கி நின்றால், கம்பளியைப் பிரித்து அவர் தோளில் போர்த்திவிடுவார். போர்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிமலைக் குளிரில் போர்த்தின கம்பளியைக் கழற்றிக் கொடுக்க யாருக்கு மனசு வரும். விலை கேட்டால் விரலைக் காட்டுவார். கூவுகிறது மட்டும் அவரால் முடியாது. கூவாதவன் கடை இருக்கிற இடம் தெரியாதே என்று அவருக்கும் சேர்த்து நானே கூவுவேன். "கருவாடே, கம்பளியே" என்று ஒரே மூச்சில். வாங்க வருகிறவர்கள் இரண்டும் ஒரே கடை என்று நினைத்து என்னிடமே கம்பளி விலை கேட்பார்கள்.

ஒரு ஐப்பசி மாசம் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை. கரகரவென்று "கம்பளி" என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருந்து கணீரென்று இன்னொரு குரல் என்னோடு சேர்ந்து "கம்பளியே" என்கிறது. திரும்பிப் பார்த்தால் பாய். அவரே பயந்து போய் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு தரம் என்று கையைக் காட்டினேன். நான் தனியாகச் சொன்னால் அவர் சும்மா இருக்கிறார். அவர் தனியாகச் சொன்னால் பூட்டிக்கொள்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால் எண்ணெய் போட்ட மாதிரி வருகிறது. அன்றைக்கு முழுக்கக் கூவினோம். வளையல்கார அம்மா சொல்லிற்று:

"இன்னா பாய், இத்தினி நாளா இந்தக் குரலை எங்க ஒளிச்சி வெச்சிக்கினு இருந்த?"

பாய் சிரித்தார். இறங்கி வருகிற வழியில், கோமுகி அணை தாண்டி, கச்சிராயபாளையம் வந்ததும் டீ குடிக்க இறங்கினோம். அங்கேதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கருவாட்டுக்காரரே, ரெண்டு பேரு சேந்து சொன்னா வருதே. தனியா சொல்ற எடத்துல நான் இன்னா பண்ணுவேன்?"

"எந்த எடத்துல பாய்?"

"கபுருல."

கபுரு என்றால் புதைகுழி. நான் எழுத்து வாசனை இல்லாதவன், எங்கள் சாமியைப் பற்றியே கூழ் ஊற்றுகிற அளவுக்குத்தான் தெரியும். அவர் மார்க்கத்தில் இருப்பதை அவர் அன்றைக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார், டீ ஆறிப் பாலாடை கட்டிப்போனது. செத்தவனைக் குழியில் வைத்து மண் தள்ளிவிட்டு எல்லோரும் திரும்பி நடப்பார்கள். அவர்கள் செருப்புச் சத்தம் உள்ளே இருக்கிறவனுக்குக் கேட்கும். நாற்பது அடி நடந்து முடித்ததும் இரண்டு மலக்குகள், நாம் தேவதூதர்கள் என்கிறோமே அவர்கள், வந்து அவனை எழுப்பி உட்கார வைப்பார்கள். மூன்று கேள்வி. உன்னைப் படைத்துக் காக்கிறவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார். அல்லா, இஸ்லாம், முகமது நபி. பதில் சொன்னவனுக்குக் கபுரு அகலமாகும், சொர்க்கத்துப் பக்கம் ஒரு ஜன்னல் திறக்கும், கடைசி நாள் வரைக்கும் நிம்மதியாகத் தூங்கலாம். சொல்லாதவனை மண் நெருக்கும்.

"மூணே பதிலு. சின்னப் பசங்க சொல்லிடும். அந்த நேரத்துல எனக்குப் பூட்டிக்கிச்சுன்னா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் வந்திருக்கும். வேனில் முதுகைத் திருப்பிக்கொண்டு இத்தனை வருஷமாக அவர் அந்த மூன்று பதிலைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பள்ளிவாசல் அஜரத்திடம், அதாவது தொழுகை நடத்துகிறவரிடம், முன்பே கேட்டிருக்கிறார். பெரியவர் நல்ல மனுஷன். அங்கே பேசுகிறது நாக்கு இல்லை, நெஞ்சில் இருக்கிற நம்பிக்கைதான், ஊமையும் சொல்வான் என்று சொல்லியிருக்கிறார். மூசா நபிக்கும் நாக்கில் முடிச்சு இருந்தது, அரசன் முன்னால் போய்ப் பேச வேண்டி வந்தபோது, கூடப் பேச என் அண்ணன் ஹாரூனைக் கொடு என்று அல்லாவிடமே கேட்டு வாங்கினார் என்றும் சொல்லியிருக்கிறார். அஜரத் ஆறுதலுக்குச் சொன்னது. பாய்க்கு அதில் பாதிதான் ஆறுதல்.

"பாத்தியா, நபிக்கே கூட ஒரு ஆளு வேண்டியிருந்திச்சு" என்றார்.

அந்த வாரத்தில் இருந்து நான் பின்னால் ஏறிவிட்டேன். தக்காளிக்காரருக்கு முன் சீட்டு நிரந்தரமாயிற்று. மூட்டை மேல் பாய் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதைக் கூடச் சேர்ந்து சொல்வேன். முதலில் அவருக்கே ஒரு யோசனை.

"உங்க சாமி ஒண்ணும் கோவிச்சுக்காதே?"

"எங்க அய்யனாரு குதிரை மேல ஏறி எல்லையச் சுத்திக்கினு இருப்பாரு. வேன்ல பேசறத எல்லாம் காதுல போட்டுக்க மாட்டாரு. உங்க அஜரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

கேட்டுவிட்டு வந்தார். கூடச் சொல்கிறவருக்கும் அல்லா நல்லதே நாடட்டும் என்றாராம் அஜரத். அப்புறம் என்ன. மலை ஏறுகிற ரோட்டில் வளைவு எக்கச்சக்கம். அவர்கள் மார்க்கத்தில் நம்ப வேண்டியது ஆறு. முதல் வளைவில் அல்லா ஒருவன் என்பது. இரண்டாவதில் மலக்குகள். மூன்றில் அவன் இறக்கின வேதங்கள். நான்கில் நபிமார்கள். ஐந்தில் எல்லோரும் எழுப்பப்படுகிற கடைசி நாள். ஆறில், நல்லதும் கெட்டதும் அவன் விதித்தபடி என்பது. ஆறாவது வளைவில்தான் பள்ளம் ரொம்ப ஆழம். டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக ஓட்டுவான். அந்த இடத்தில் விதியைப் பாய் நல்ல சத்தமாகச் சொல்வார். மீதி வளைவுகளுக்கு மூன்று பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்வோம். வீட்டில் கருவாட்டுக்கு உப்புப் போடும்போதும் என் வாய் தானாக முணுமுணுத்துக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரி ஒரு நாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "இன்னா, பேரை மாத்திக்கினியா? ரேஷன் கார்டுலயும் மாத்தணுமே" என்றாள்.

பயந்தவர் என்று மட்டும் சொன்னால் அவரைப் பற்றித் தப்பாகச் சொன்னதாக ஆகும். மனுஷர்கள் கேலி பண்ணினால் அவருக்குப் பயமே கிடையாது. ஒரு தரம் டீக்கடையில் லாரிக்காரன் ஒருவன் அவர் டீ கேட்டதை அப்படியே நடித்துக் காட்டினான். கண்ணை மேலே உருட்டி, கழுத்தை வெட்டி. நான்கு பேர் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். பாய் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு அவனிடம் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் கடையே காத்திருந்தது.

"தம்பி, நம்ம ரெண்டு தோளுலயும் ரெண்டு பேரு உக்காந்து எழுதிக்கினு இருக்காங்க. வலது பக்கம் நல்லது, இடது பக்கம் கெட்டது. என் இடது பக்கத்து ஆளுக்கு வேலை கம்மி. உன் ஆளுக்குக் கை வலிக்குதாம், கொஞ்சம் ஓய்வு குடு."

அந்த லாரிக்காரன் அப்புறம் எங்கே பார்த்தாலும் அவருக்கு சலாம் வைப்பான்.

இன்னொன்று. இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். மலைக்காரர் ஒருவர் அம்மா செத்துப் போய்விட்டது என்று கம்பளி வாங்க வந்தார். அவர்களும் புதைக்கிறவர்கள். புதுக் கம்பளி சுற்றி வைக்கப் போகிறாராம். இருக்கிறதிலேயே கனமான கம்பளியை எடுத்து மடித்துக் கொடுத்தார் பாய். வாங்கிக்கொண்டு அந்த மனுஷன் சாதாரணமாகக் கேட்டார், உங்கள் ஆட்களை என்ன சுற்றி வைப்பீர்கள் என்று. வெள்ளைத் துணி என்றார் பாய்.

"வெறும் துணியா? குளிராதா?"

பாய்க்குப் பதில் வரவில்லை. திக்கினதால் இல்லை. திரும்பி வருகிற வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தார். அவ்வளவு கம்பளி விற்கிற மனுஷன் அதை யோசித்ததே இல்லை போல. அடிவாரத்துக்கு வந்த பிறகு, "சொர்க்கத்து ஜன்னல் தொறந்தா அதுல நல்ல வாசனைக் காத்து வரும்னு அஜரத் சொல்லியிருக்காரு" என்றார்.

"காத்து வந்தா இன்னும்தான குளிரும் பாய்" என்றேன்.

"போய்யா கருவாடு" என்றார்.

மவுத்து, அதாவது சாவு, எந்த வீட்டில் விழுந்தாலும் பாய் அடக்கத்துக்குப் போய்விடுவார். தெரிந்தவர், தெரியாதவர் கணக்கில்லை. தியாகதுருகத்தில் அவர் வீடு, அங்கே அவர்கள் புதைக்கிற கபுர்ஸ்தான் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால் கோட்டை மலை தெரியும். மண் தள்ளி முடித்ததும் அஜரத் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதுவார். உள்ளே இருக்கிறவனைப் பார்த்து, இப்படிக் கேட்பார்கள், இப்படிச் சொல்லு என்று எடுத்துக் கொடுக்கிறது அது. அந்த நேரத்தில் பாய் முகத்தைப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு உட்காரப் போகிறவன் மற்றவன் எழுதுவதைப் பார்க்கிற மாதிரி. அது முடிந்து எல்லோரும் கிளம்பினால் இவர்தான் கடைசி. மெதுவாக நடப்பார். நடந்து வந்து ஓர் இடத்தில் நின்று குனிந்து செருப்பு வாரைச் சரி பண்ணுவார். ஒவ்வொரு அடக்கத்திலும் அதே மாதிரி. எனக்குத் தெரிந்த குடும்பத்தில் ஒரு சாவுக்கு நானும் போயிருந்தேன், அப்போதுதான் கவனித்தேன். ரப்பர் செருப்பு. வாரில் சரி பண்ண ஒன்றுமே இல்லை.

"இன்னா பாய், அறுந்துடிச்சா?"

"முப்பத்தொம்போது" என்றார் காதோடு.

நாற்பதாவது அடி வைத்தால் மலக்குகள் வந்துவிடுவார்கள். கடைசி ஆள் நிற்கிற வரைக்கும் உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், பதிலை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொள்வான். அதுதான் அவர் கணக்கு. அஜரத்திடம் கேட்டாயா என்றேன். இதைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றார். கொஞ்ச நேரம் வாரைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, அல்லா பெயரால் என்று பிஸ்மி சொல்லி, ஓர் அடி எடுத்து வைத்தார். எத்தனை பேருக்கு அப்படி நேரம் வாங்கிக் கொடுத்தாரோ.

அவர் வீட்டம்மா போய்ச் சேர்ந்த அன்றைக்கு அந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றார். அந்த அம்மா யாரிடமும் எதற்கும் பதில் சொல்லத் தயங்காத ஆள். அந்த அம்மாவுக்கு அப்படி நேரம் தேவையே இல்லை.

ஒரே மகன். வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்து, வேலையும் சென்னையில். நல்ல பையன், அப்பாவுக்கு மாசா மாசம் மருந்து வாங்கி அனுப்புவான், அவரை அத்தா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவான். ஆனால் அப்பாவும் மகனும் நிறையப் பேசிக்கொண்டதில்லை. போனில் இவருக்குப் பேச்சே வராது, எதிர் முனையில் அவன் அலோ அலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். அதனால் மெசேஜ்தான். மார்க்கத்தில் பையன் அப்பாவை விடக் கெட்டி. வேதத்திலோ நபி சொன்னதிலோ ஆதாரம் இல்லாததைச் செய்யக் கூடாது என்கிற கூட்டத்தோடு சேர்ந்திருந்தான். அவர்கள் தல்கீன் ஓத மாட்டார்கள்.

பாய்க்கு அது தெரிந்த நாளில் இருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அதற்குள் அவருக்கு இருதயம் பலவீனம் என்று மலை ஏறுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரே ஒரு தரம் என்று வந்தார். கம்பளி மூட்டை இல்லை. என் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தார். ஆறாவது வளைவு தாண்டினதும் என் கையைப் பிடித்தார்.

"எம் மவன் ஓத வுட மாட்டான். அவன் தப்புன்னு நான் சொல்லல. அவன் படிச்சவன். ஆனா யாராவது ஒருத்தரு கூட சொல்லணும்யா. அஜரத்துகிட்ட நீ சொல்லி வை."

"நீயே உம் புள்ளகிட்ட சொல்லேன் பாய்."

"அவங்கிட்ட சொல்ல ஆரம்பிச்சா அவனே முடிச்சிக் குடுத்துடறான்."

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னார், பண்ணினேன்.

அடுத்த மார்கழியில் ஒரு நாள் காலைத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். நான் போனதும் நேராக அஜரத்திடம்தான் போனேன். அவருக்கும் வயசாகிவிட்டது, கைத்தடி. பாய் என்னிடம் வாங்கின சத்தியத்தைச் சொன்னேன். எனக்கும் ஆசைதான், ஆனால் வாரிசு வேண்டாம் என்றால் கபுர்ஸ்தானில் நின்று நாம் சண்டை போட முடியாது என்றார்.

மையத்தை, பாயின் உடலை, குழிக்குள் இறக்கினார்கள். நானும் மூன்று கை மண் போட்டேன். வெள்ளைத் துணிதான். அந்த மலைக்காரர் கேட்டது ஞாபகம் வந்தது. மண் மேடாகி, தண்ணீர் தெளித்து, எல்லோரும் அஜரத் முகத்தைப் பார்த்தார்கள். அஜரத் மகன் முகத்தைப் பார்த்தார். மகன் மரியாதையாகத்தான் சொன்னான்.

"தல்கீன் வேணாங்க அஜரத். அதுக்கு ஆதாரம் பலமா இல்ல. கேள்வி கேக்கற நேரம் இது, அத்தா உறுதியா நிக்கணும்னு எல்லாரும் மனசுல துவா கேளுங்க. அது நபிவழி."

பெரியவர்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அஜரத் கையைத் தூக்கி அவர்களை அடக்கிவிட்டு, அவரும் கண்ணை மூடிக் கையேந்தினார். மகனும் ரொம்ப நேரம் வேண்டிக் கேட்டான், கன்னத்தில் தண்ணீர் ஓடியது. குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்காகக் கேட்கிறது வேறு, அவரோடு சொல்கிறது வேறு. அதை நான் எப்படிச் சொல்வேன். அவர்கள் மார்க்கத்தில் நான் யார்.

எல்லோரும் கிளம்பினார்கள். நானும் நடந்தேன். எனக்கு இருபது வரைக்கும்தான் ஒழுங்காக எண்ண வரும், அதற்கு மேல் இன்னொரு இருபது என்று வைத்துக்கொள்வேன். முதல் இருபது ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்தில் முடிந்தது. இரண்டாவது இருபதில் பத்தொன்பது வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. குனிந்து செருப்பு வாரைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அஜரத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்துவிட்டு, கைத்தடியை ஊன்றிப் போனார். கடைசியாக மகன் வந்தான்.

"மாமா, வாங்க போலாம். காலு வலிக்குதா?"

"நீ போ தம்பி. வாரு சரியில்ல."

அவன் என் செருப்பைப் பார்த்தான்.

"அத்தாவும் இப்படித்தான் மாமா, இதே மாதிரி குனிஞ்சிக்கினு நிப்பாரு. அம்மா அடக்கத்துலயும் நின்னாரு. நான் கூப்பிட்டுக்கினே இருந்தேன்."

"நாப்பதாவது அடிக்கு முன்னாடி நிப்பாரு. உள்ள இருக்கறவங்களுக்கு நேரம் குடுக்க."

"நாப்பதுன்னு கணக்கு எதுவும் இல்லீங்க மாமா. செருப்பு சத்தம் கேக்கும்ன்றது மட்டும்தான் இருக்கு."

"எனக்கு இன்னா தெரியும் தம்பி. எனக்கு உங்கப்பாவத்தான் தெரியும்."

அப்புறம் சொன்னேன். சந்தையில் கூவினது, வேனில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது, வளைவுக்கு ஒன்றாக ஆறும் சொன்னது, எல்லாம். நிறையச் சொல்ல நேரமில்லை, இருந்தாலும் எனக்குச் சுருக்கிச் சொல்ல வராது. கடைசியில் இதைச் சொன்னேன்.

"தனியா சொன்னாத்தான் பூட்டிக்கும். ரெண்டு பேரா சொன்னா அவருக்குத் திக்காது தம்பி."

அவன் முகம் மாறிவிட்டது. "சேந்து சொன்னா திக்காதா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். இன்னொரு தரம் அதையே கேட்டான். அப்பா குரல் திக்காமல் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நாளும் கேட்டதில்லை. கணீர்னு இருக்கும் என்றேன், வெள்ளிமலைச் சந்தை முழுக்கக் கேட்கும் என்றேன்.

அவன் திரும்பி நடந்தான். மேட்டின் தலைமாட்டில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அஜரத் உட்காருகிற மாதிரி இல்லை, வீட்டில் படுத்திருக்கிறவர் பக்கத்தில் உட்காருகிற மாதிரி. மண்ணில் கையை வைத்தான். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.

"அத்தா, நாந்தான். நான் முடிச்சிக் குடுக்க மாட்டேன். மெதுவா சேந்து சொல்லலாம்."

மூன்று பதிலையும் சொன்னான். ஒன்று சொல்லிவிட்டு நிறுத்தினான். ஒரு மனுஷன் நிதானமாகச் சொல்லி முடிக்கிற அளவு நேரம் விட்டான். அப்புறம் அடுத்தது. அவசரமே இல்லை. என் வாயும் அசைந்தது, பழக்கம். அந்தப் பக்கம் கோட்டை மலை மேல் வெயில் இருந்தது. நாங்கள் வேனில் சொன்ன அதே நடை, அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வந்தான். என்னைத் தாண்டும்போது என் தோளைத் தொட்டான், வாங்க என்று கூப்பிடவில்லை. கபுர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.

நான் மட்டும்தான் பாக்கி. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். வார் சரியாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன். பிறகு, சரி பாய் என்று சொல்லிவிட்டு, செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்கிற மாதிரி, நாற்பதாவது அடியை எடுத்து வைத்தேன்.